ஒரு சம்பளம் தாங்குமா?

"உங்க பாத்ரூம்ல இருந்து எங்க ஹால்ல தண்ணி சொட்டுது சார்" என்றார் கீழ் வீட்டுக்காரர்.

டெஸ்ட் சார் கதவைப் பிடித்தபடி அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மெல்லப் புன்னகை செய்தார்.

"நல்லா பண்றீங்க."

"எதை?"

"இந்த நெத்திச் சுருக்கம், படியேறின மூச்சிரைப்பு, எல்லாமே இயல்பா இருக்கு. மச்சான் என்ன தர்றேன்னு சொன்னான்? ஓட்டல்ல சாப்பாடா?"

கீழ் வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். புதிதாக வண்டி பழகுகிறவர்களின் பக்கத்தில் நாளெல்லாம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்து, எது நடந்தாலும் குரலை உயர்த்தாமல் பேசப் பழகியிருந்தார். ஆனாலும் அவருடைய வலது கால் தரையில் இல்லாத பிரேக்கை ஒரு முறை மிதித்துப் பார்த்தது.

"உங்க மச்சான் யாருன்னே எனக்குத் தெரியாது சார். தண்ணி சொட்டுது. டிவி மேல சொட்டுது."

"சரி, எவ்வளவு செலவுன்னு சொல்லச் சொன்னான்?"

"அதை பிளம்பர்தான் சொல்லணும்."

"அப்ப நானே ஒரு தொகை போட்டுக்கறேன். நீங்க நிம்மதியா போங்க."

கதவைச் சாத்திய டெஸ்ட் சார், ஒரு பிளம்பருக்கு ஆகக்கூடிய பணத்தைப் பர்ஸிலிருந்து எடுத்து, சமையலறை அலமாரியில் இருந்த பிஸ்கட் டின்னுக்குள் போட்டு மூடினார். ஒரு செலவை வெற்றிகரமாகச் சமாளித்த திருப்தியோடு நாளிதழை விரித்தார். குளியலறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இப்படி ஒரு மனிதர் நடந்துகொள்வாரா என்று கேட்டால், சும்மா இருக்கும் மனிதர் நடந்துகொள்ள மாட்டார். இவர் பரிசோதனையில் இருந்தார்.

டெஸ்ட் சாருக்கு வேலை நாற்காலித் தொழிற்சாலையில். அங்கே சோதனைப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். ஒரு இயந்திரக் கை மணல் மூட்டையைத் தூக்கி நாற்காலியில் தொம்மென்று வைக்கும், எடுக்கும், மறுபடி வைக்கும். நாற்காலி உடைகிறதா என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். உட்காருவதைப் பற்றி இத்தனை தெரிந்துகொண்டு இத்தனை வருடம் நின்றுகொண்டே இருந்தவர் உலகத்தில் வேறு யாரும் இருக்க வழியில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வைத்த பட்டப்பெயர் தொழிற்சாலையிலிருந்து அவரோடு வீட்டுக்கே வந்து, இப்போது தபால்காரர் வரைக்கும் அவரை டெஸ்ட் சார் என்றுதான் கூப்பிடுகிறார்.

ஐம்பத்திரண்டு வயதில் அவருக்கு அலுத்துப்போனது. முழங்கால் வலித்தது. தூக்கத்தில்கூடத் தொம் தொம் என்று கேட்டது. ஒழுங்காக ஓய்வு பெற இன்னும் எட்டு வருடம் இருந்தது. அந்த எட்டு வருடத்தை நினைத்தாலே அவருக்கு அழுகை வந்தது என்பதை இங்கே மறைக்காமல் சொல்லிவிடலாம். வீட்டுக் கடன் தீர்ந்துவிட்டது. மகள் வேறு ஊரில் வேலை பார்த்து, தன் செலவைத் தானே பார்த்துக்கொள்கிறாள். மனைவிக்கும் சம்பளம் வருகிறது. தொலைபேசி நிறுவனம் ஒன்றில் புகார்ப் பிரிவில் இருக்கிறாள். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே சம்பளம்தான். இப்போதே வேலையை விட்டுவிட்டால் என்ன?

வேறு யாராக இருந்தாலும் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்திருப்பார்கள். டெஸ்ட் சாருக்குக் காகிதத்தில் நம்பிக்கை கிடையாது. காகிதத்தில் எல்லா நாற்காலியும் தாங்கும்.

"மூணு மாசம். என் சம்பளம் பேங்க்ல அப்படியே கெடக்கட்டும். கை வைக்கவே கூடாது. நான் வேலைய விட்டுட்டதாவே நெனச்சுக்கிட்டு உன் சம்பளத்துல மட்டும் வாழ்ந்து பாக்கலாம்" என்று அவர் மனைவியிடம் சொன்னபோது, பெரிய சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தார். பதில்களை எல்லாம் வரிசையாக யோசித்து வைத்திருந்தார்.

மனைவி புகார் கேட்பது போலவே குறுக்கிடாமல் முழுவதையும் கேட்டாள்.

"அதாவது இந்தக் குடும்பம் ஒரு சம்பளத்துல ஓடுமா ஓடாதான்னு தெரியணும். அவ்வளவுதானே?"

"அதேதான்."

"செஞ்சுடலாம். நாளைக்கே ஆரம்பிங்க."

யோசித்து வைத்த பதில்கள் எல்லாம் வீணாய்ப் போனதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் மனது குளிர்ந்தது.

சும்மா மூன்று மாதம் சிக்கனமாக இருப்பது சோதனை ஆகாது என்பது அவருடைய கட்சி. நூறு கிலோ தாங்கும் என்று எழுதிய நாற்காலியில் நூற்றைம்பது கிலோ வைத்துப் பார்ப்பதுதான் அவர் பழகிய முறை. குடும்பத்துக்கும் எதிர்பாராத சுமை வேண்டும். அதற்கு மைத்துனனைப் பிடித்தார். அவன் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். வராத ஆபத்தைச் சொல்லிப் பயமுறுத்துவதில் நல்ல அனுபவம் உள்ளவன்.

"உனக்குத் தோணறப்ப எல்லாம் ஏதாவது ஒரு பொய்ச் செலவு கெளப்பணும். முன்கூட்டி சொல்லவே கூடாது. நீயே சொல்லலாம், ஆள் அனுப்பியும் சொல்லலாம். நான் அந்தப் பணத்தை பிஸ்கட் டின்ல போட்டு மூடிடுவேன். டெஸ்ட் முடியற வரைக்கும் தொறக்க மாட்டேன்" என்றார்.

"நான் எவ்வளவு வேணா கெளப்பலாமா மாமா?"

"எவ்வளவு வேணா."

மைத்துனனுக்குத் தொழிலில் இவ்வளவு ஆதரவு அதுவரை யாரும் கொடுத்ததில்லை.

முதல் மாதத்திலேயே மைத்துனன் அனுப்பி ஒருவர் வந்து கண்ணாடி ஜன்னல் உடைந்ததாகச் சொன்னார். இன்னொருவர் மகளின் பேரில் அபராதம் என்றார். எல்லாம் டின்னுக்குப் போனது. அந்த வரிசையில்தான் டெஸ்ட் சார் கீழ் வீட்டுக்காரரையும் சேர்த்துவிட்டார்.

மறுநாள் கீழ் வீட்டுக்காரர் ஒரு வாளியோடு வந்தார். வாளியில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது.

"ஒரு ராத்திரியில சொட்டினது சார் இது."

"பரவாயில்லையே, பொருளோட வந்திருக்கீங்க" என்று டெஸ்ட் சார் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். "ஆனா இந்தச் செலவு நேத்தே செட்டில் ஆயிடுச்சு. ஒரே செலவுக்கு ரெண்டு தடவை போட முடியாது. டின் வேணா காட்டறேன்."

கீழ் வீட்டுக்காரர் டின்னைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். மறுபடி டின்னைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து மனைவி வேலையிலிருந்து வந்தாள். நடந்ததைக் கேட்டவுடன் செருப்பைக்கூடக் கழற்றாமல் தம்பிக்கு ஃபோன் போட்டாள்.

"ஏன்டா, கீழ் வீட்டுக்காரரை நீ அனுப்பினியா?"

"இல்லக்கா. அடுத்தது ஃப்ரிட்ஜ்னுல்ல வச்சிருக்கேன்" என்று ஸ்பீக்கரில் குரல் வந்தது. "ஐயோ, சொல்லிட்டேனே."

டெஸ்ட் சார் குளியலறைக்கு ஓடினார். குழாயின் அடிப்பாகத்திலிருந்து தண்ணீர் அமைதியாகக் கசிந்து, சுவரோரம் ஒரு பாதை போட்டுக்கொண்டு, தரை ஓட்டின் விரிசலில் இறங்கிக்கொண்டிருந்தது.

பிளம்பரைக் கூப்பிடக் கையில் பணமில்லை. அந்த மாதத்துப் பிளம்பர் பணம் டின்னுக்குள் போய்விட்டது. டின்னைத் திறந்தால் சோதனை செல்லாது.

"நானே பாத்துக்கறேன். போல்ட் எங்க இருந்தாலும் போல்ட்தான்" என்றார் டெஸ்ட் சார். தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்திருந்த, நாற்காலிச் சக்கரம் கழற்றும் ஸ்பேனரை எடுத்து, கசிகிற இடத்தில் மாட்டி, ஒரு சுற்று இறுக்கினார். கசிவு குறைந்தது. உற்சாகத்தில் இன்னொரு சுற்று இறுக்கினார். குழாய் கையோடு வந்தது.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொன்னால், தண்ணீர் எதிர்ச் சுவரில் போய் அடித்தது. டெஸ்ட் சார் தலை முதல் கால் வரை நனைந்து, மெயின் வால்வை மூடப் படிக்கட்டில் இறங்கி ஓடினார். துருப்பிடித்துக் கிடந்த வால்வைத் தன் பலம் முழுவதையும் போட்டுத் திருப்பினார். தண்ணீர் நின்றது. அந்தக் கட்டடத்தில் இருந்த எல்லா வீட்டிலும் நின்றது. திரும்பத் திறக்கவும் வழியில்லை, ஏனென்றால் வால்வின் கைப்பிடியும் உடைந்து கையோடு வந்துவிட்டது.

பிளம்பர் வந்து, முதலில் குழாயைப் பார்க்காமல் டெஸ்ட் சாரைப் பார்த்தார்.

"யாரு சார் இதைத் தொட்டது?"

டெஸ்ட் சாரின் சட்டையிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்ததால் பதில் தேவைப்படவில்லை.

"தொடாம இருந்திருந்தா ஒரு வாஷரோட போயிருக்கும். இப்ப குழாய் மாத்தணும், வால்வு மாத்தணும். மத்த வீட்டுக்காரங்க எல்லாம் கீழ நின்னு திட்டறாங்க, அதுக்குக் காசு வேணாம்."

டெஸ்ட் சார் தளர்ந்த நடையில் சமையலறைக்குப் போய் அலமாரியைத் திறந்தார். டின்மேல் கை வைக்கும் முன் மனைவி வந்து நின்றாள்.

"அதைத் தொடாதீங்க."

"இது நெஜச் செலவும்மா."

"நாற்காலி டெஸ்ட் நடக்கறப்ப, உடையற மாதிரி இருந்தா பாதியில ஓடிப் போய் அடியில கட்டை வைப்பீங்களா?"

"மாட்டேன்."

"அப்ப இதுக்கு மட்டும் ஏன்? நான் இனிமே ஷேர் ஆட்டோவுல போகல. பஸ்ல போய்க்கறேன். அந்தப் பணத்துல குழாய் வாங்குங்க. பிளம்பர் கூலியை ரெண்டு தவணையா தர்றோம்னு நான் பேசிக்கறேன்."

பிளம்பரிடம் போய், "உங்க சிரமம் எங்களுக்குப் புரியுது" என்று அவள் தொடங்கிய பேச்சு முடிந்தபோது, அவர் மூன்று தவணைக்கு ஒத்துக்கொண்டிருந்தார். டெஸ்ட் சார் துண்டால் தலையைத் துவட்டுகிற சாக்கில் கண்ணையும் துடைத்துக்கொண்டார். கட்டினவன் நிம்மதியாக உட்கார வேண்டும் என்பதற்காக ஒருத்தி கூட்ட நெரிசலில் பஸ்ஸில் தொங்கத் தயாராக இருக்கிறாள். இவளுக்கு என்ன கைம்மாறு செய்யப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டார்.

கசிவு நின்றாலும் கீழ் வீட்டுக் கூரையில் பழுப்பு நிறத்தில் ஒரு கறை தங்கிவிட்டது.

"பெயிண்டரை வச்சு அடிச்சுக் குடுத்துடுங்க சார், போதும்" என்றார் கீழ் வீட்டுக்காரர். ரொம்ப நியாயமான மனிதர்.

பெயிண்டருக்கும் பணமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் டெஸ்ட் சாரே ஏணி, சுண்ணாம்பு நிறப் பெயிண்ட், உருளைத் தூரிகை சகிதம் இறங்கினார். கீழ் வீட்டுக்காரர் சோபாவில் உட்கார்ந்து தன் தொழில் வழக்கப்படி வழி சொன்னார்.

"லெஃப்ட்ல போங்க. இன்னும் லெஃப்ட். அவசரமே இல்ல, மெதுவா. பின்னாடி பாத்துக்குங்க, ஃபேன் வருது. நிறுத்துங்க, நிறுத்துங்க." கடைசி வார்த்தையின்போது அவர் கால் தரையை அழுத்தியது.

கறை மறைந்தது. ஆனால் அந்த இடம் மட்டும் பளிச்சென்று வெள்ளையாக, கறையை விடத் தெளிவாகத் தெரிந்தது. அதனால் கூரை முழுவதும் அடிக்க வேண்டியதாயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூரை முடிந்தது. கூரை புதிதானதும் சுவர்கள் எல்லாம் அழுது வடிந்தன. கீழ் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துப் பெருமூச்சு மட்டும் விட்டார். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை சுவர்கள்.

ஓய்வு பெற முடியுமா என்று பார்ப்பதற்காக டெஸ்ட் சார் தன் வாழ்நாளில் உழைக்காத அளவுக்கு உழைத்தார். ஞாயிறு தூக்கமும் போய், கழுத்தும் பிடித்துக்கொண்டது. அண்ணாந்து பார்த்த நிலையிலேயே திங்கட்கிழமை வேலைக்குப் போனார்.

இரண்டாம் மாதக் கடைசியில் மைத்துனன் தொழிற்சாலைக்கே ஃபோன் செய்தான்.

"மாமா, உங்க வீட்டு ஃப்ரிட்ஜ் போச்சு."

கீழ் வீட்டு விவகாரத்தில் சூடுபட்ட பிறகு டெஸ்ட் சார் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். இனி யார் எதைச் சொன்னாலும் நிஜம் என்றே எடுத்துக்கொள்வது. அதில் பயம் இல்லை. ஃப்ரிட்ஜைப் பற்றி மைத்துனன் அன்றைக்கே உளறியது இயந்திரத்தின் தொம் தொம் சத்தத்தில் அவருக்கு நினைவு வரவில்லை. உடனே மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டு, அரை நாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு ஓடினார்.

மெக்கானிக் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தார், முதுகைக் கழற்றிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார்.

"இதுக்கு ஒண்ணும் இல்லையே சார். ஜோரா ஓடுது. வந்ததுக்கு மட்டும் காசு குடுங்க."

காசை வாங்கிக்கொண்டு அவர் படியிறங்கிய சிறிது நேரத்தில், கழற்றி மாட்டப்பட்ட ஃப்ரிட்ஜ் உள்ளே ஏதோ உருள்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டது. பிறகு சத்தமே போடவில்லை.

"இப்ப நெஜமாவே போயிடுச்சு" என்று மைத்துனனுக்கு ஃபோன் செய்தார்.

"பிரமாதம் மாமா. நம்பற மாதிரியே சொல்றீங்க" என்றான் அவன்.

அன்றிலிருந்து பாலும் காய்கறியும் கீழ் வீட்டு ஃப்ரிட்ஜில் குடியேறின. புது வர்ணத்தில் வீடு மின்னிக்கொண்டிருந்ததால் கீழ் வீட்டுக்காரர் சந்தோஷமாகவே ஒரு தட்டு ஒதுக்கித் தந்தார். காலையில் டெஸ்ட் சார் பால் எடுக்கப் போவார். அப்படியே அவர் கையால் ஒரு காபி குடித்துவிட்டு வருவார். பழைய ஃப்ரிட்ஜைச் சரிசெய்யலாமா என்று மனைவியிடம் கேட்டபோது, "டெஸ்ட் முடியட்டும். அது இல்லாமயும் ஓடுதுன்னா இன்னும் பலம்தானே" என்றாள். சோதனை விஷயத்தில் அவள் தன்னையே மிஞ்சிவிட்டாள் என்று அவர் தொழிற்சாலையில் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டார்.

மூன்று மாதம் முடிந்தது. அன்று மாலை மனைவியின் சம்பளத்தில் மிச்சமிருந்ததை மேஜைமேல் வைத்தார்கள். பெரிய மிச்சமில்லை, ஆனால் மிச்சம். பக்கத்தில் பிஸ்கட் டின் மூடியே திறக்காமல் கனமாக உட்கார்ந்திருந்தது.

"தாங்கிடுச்சு" என்றார் டெஸ்ட் சார், தன் கண்ணையே நம்பாமல்.

"பாஸா?"

"பாஸ்தான். ஆனா பாரு, மழைக்காலத்துல இன்னும் டெஸ்ட் பண்ணல. இன்னொரு மூணு மாசம் பாத்துட்டா..."

"அதெல்லாம் அப்புறம். இப்ப கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. ஒரு சம்பளம் இல்லாம இந்த வீடு நடக்குமா?"

"நடக்கும்."

"உறுதியா?"

டெஸ்ட் சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். தன் தொழிலில் யாரும் கேட்காத கேள்வியை மனைவி கேட்டதில் குரல் தடித்தது.

"வெள்ளம் வந்துச்சு, பெயிண்ட் வந்துச்சு, ஃப்ரிட்ஜ் போச்சு. அத்தனையும் வச்சும் உடையல. என் இருபத்தாறு வருஷ அனுபவத்துல சொல்றேன், கண்ண மூடிக்கிட்டு வேலைய விடலாம்."

"இது போதும்" என்று மனைவி எழுந்து உள்ளே போனாள்.

வேலையை விடலாம் என்று தெரிவது வேறு, விடுவது வேறு. டெஸ்ட் சார் தினமும் ராஜினாமாக் கடிதம் எழுதினார், தினமும் கிழித்தார். நாற்காலி தாங்கும் என்று சான்றிதழ் கொடுத்தவர்தான், ஆனால் தானே ஏறி உட்கார வேண்டும் என்றபோது பயமாக இருந்தது. இப்படியே ஒரு மாதம் ஓடியது. இதில் அவரை மிகவும் நெகிழவைத்தது மனைவியின் பொறுமை. என்ன முடிவு செய்தீர்கள் என்று அவள் ஒரு முறைகூட நச்சரிக்கவில்லை. முகத்தில் ஒரு தெளிவு. இரவு சாப்பிடும்போது பாட்டு முணுமுணுத்தாள்.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை காலையில் அவளிடம், "இன்னிக்கு ஒரு முடிவோட வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"வாங்க. நானும் சீக்கிரம் வந்துடுவேன்" என்றாள்.

அன்று கடிதத்தைக் கிழிக்கவில்லை. முதலாளி வெளியூர் போயிருந்தார். திங்கட்கிழமை காலை முதல் வேலையாகக் கொடுத்துவிடுவது என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மணல் மூட்டை தொம்மென்று விழும்போதெல்லாம் அவருக்குச் சிரிப்பு வந்தது. மாலையில் நான்கு மாதங்களில் முதல் முறையாக ஆட்டோ பிடித்தார். வழியில் நிறுத்தி ஒரு சின்ன கேக் வாங்கினார். மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தபடி படியேறினார்.

வீட்டு வாசலில் ஏகப்பட்ட செருப்புகள் கிடந்தன. கதவு திறந்திருந்தது. கூடத்தில் முன்பின் பார்த்திராத பத்துப் பதினைந்து பேர். மனைவியின் அலுவலகத்துக்காரர்கள் போலிருந்தது. சுவரில் பலூன்கள். மேஜையில் அவர் கையில் இருந்ததைப் போல நான்கு மடங்கு பெரிய கேக். கீழ் வீட்டுக்காரர் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மைத்துனன் அவரைப் பார்த்ததும் சட்டென்று திரும்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். புதுத் துணி உடுத்தி நடுவில் நின்றிருந்த மனைவியின் முகம் அவர் பல வருடங்களாகப் பார்க்காத முகமாக இருந்தது.

அவர் உள்ளே கால் வைத்ததும் எல்லோரும் கைதட்டினார்கள்.

டெஸ்ட் சாருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. தன் ஓய்வுக்கு, தானே இன்னும் வாய் திறந்து சொல்லாத ஓய்வுக்கு, ஊரைக் கூட்டி விருந்து வைத்திருக்கிறாள். இவர் மனதை இவருக்கு முன்பே படித்திருக்கிறாள். அவர் சட்டைப் பையில் இருந்த கடிதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கண்ணில் நீர் முட்ட, இரண்டு வார்த்தை பேசத்தான் வேண்டும் என்று தொண்டையைக் கனைத்தார்.

"எனக்காக இவ்வளவு எல்லாம் எதுக்கு" என்றார். "நான் அப்படி என்ன பெரிசா பண்ணிட்டேன்?"

முன்வரிசையில் நின்ற ஒரு பெண் வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"என்ன சார் இப்படிச் சொல்றீங்க, பொண்டாட்டி நிம்மதியா ரிட்டயர் ஆகணும்னு மூணு மாசம் டெஸ்ட் பண்ணிப் பாத்து, கண்ண மூடிக்கிட்டு வேலைய விடலாம்னு உறுதி குடுத்த புருஷனை நாங்க இன்னிக்குத்தான் பாக்கறோம்."